டாட்சன் 240 இசட்: வாங்குமுன் படி, வாங்கியபின் எழுது

பழைய டாட்சன் 240 இசட் ஒன்றைப் பார்க்கக் கிளம்புகிறவர் பையில் மூன்று சாமான்கள் இருந்தால் போதும்: நல்ல டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம், மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர். விற்கிறவர் முதலில் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் கிளப்பிக் காட்டுவார். ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமும்போது நம் மனசு அங்கேயே விலைக்குச் சம்மதித்துவிடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, பழைய சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள்.

இந்த வண்டியின் எஞ்சின் கெட்டால் பிரித்துப் பூட்டிவிடலாம். உடம்பு கெட்டால்தான் சேமிப்பு கரையும். அதைவிட மோசம், கெட்ட உடம்பை யாரோ மூடி மறைத்திருப்பது. ஐம்பது வயது தாண்டிய வண்டியைப் பல கைகள் தொட்டிருக்கும். எந்தக் கை என்ன செய்தது என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குவதிலும் முதல் வேலை, பராமரிப்பதிலும் முதல் வேலை. இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

எந்த வண்டி, எந்த மாதம்

1969 அக்டோபரில் ஜப்பானில் நிசான் இதை ‘ஃபேர்லேடி இசட்’ என்று அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் நிசானின் விற்பனையைக் கவனித்த யுடாகா கடயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அங்கே அது டாட்சன் 240 இசட் ஆயிற்று. விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் எட்டாத கைக்கு இது எட்டியது. இசட் வரிசையின் இந்த முதல் தலைமுறைக்குத் தொழிற்சாலைப் பெயர் எஸ்30. 1978 வரை ஓடிய உற்பத்தியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன.

உள்ளே இருப்பது எல்24 எஞ்சின்: 2,393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், மேலே ஒற்றை கேம்ஷாஃப்ட், இரண்டு ஹிட்டாச்சி கார்பரேட்டர். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஜப்பானில் விற்ற சாதாரண ஃபேர்லேடிக்கு மட்டும் இரண்டு லிட்டர் எல்20. காரணம் வரி. 2,000 சிசியைத் தாண்டினால் அங்கே வரி எகிறும். 1974-இல் 2,565 சிசியோடு 260 இசட் வந்தது. அமெரிக்காவில் 1975-இல் வந்த 280 இசட்டில் 2,753 சிசி எஞ்சினும் கார்பரேட்டருக்குப் பதில் எலெக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் இருந்தன.

இந்த வண்டிக்கு ஆண்டு மட்டும் தெரிந்தால் போதாது, மாதமும் தெரிய வேண்டும். தொடக்க கால 240 இசட்டில் காற்று வெளியேறும் துளைகள் பின்கதவின் மேல் இருக்கும். 1971-இல் அவை பின்பக்கத் தூணில் உள்ள வட்டச் சின்னத்துக்குள் போய்விட்டன. அதே ஆண்டின் நடுவில் டிஃபரன்ஷியலைச் சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். அதைத் தாங்கும் பட்டையின் வடிவமும் மாறியது. ‘71 மாடல்’ என்று மட்டும் சொல்லி உதிரிபாகம் வரவழைத்தால் பாதிக்குப் பாதி பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள தகட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடியில் படுத்துப் பாருங்கள்

கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி என்றால் சேறும் குழியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அதை 1971-இலும் 1973-இலும் வென்றது 240 இசட். 1973-இல் ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் ஷேகர் மேத்தா. அந்த அடியைத் தாங்கிய வண்டி, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பைத் தாங்கவில்லை. மெல்லிய தகடு, அந்தக் காலத்துத் துருத் தடுப்பு, தண்ணீர் தேங்கும் மூலைகள். இந்த மூன்றும் சேர்ந்து சில பனிக்காலங்களிலேயே வண்டியைத் தின்றுவிட்டன. கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட இடங்களில் வளர்ந்த வண்டிக்கு இன்றும் தனி மரியாதை இருப்பது அதனால்தான்.

துரு எங்கே உட்காரும் என்பது ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். இந்த வரிசையில் பாருங்கள்.

1. பேட்டரித் தட்டு. ஆசிட் கசிந்து தட்டை அரித்து, அப்படியே கீழே இறங்கி, சேசிஸ் சட்டத்தையும் தொட்டிருக்கும். தட்டைப் புதிதாக மாற்றியிருந்தால் திருப்தி அடைந்துவிடாதீர்கள். டார்ச்சைக் கீழிருந்து அடித்து, சட்டத்தைப் பாருங்கள்.

2. கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் தொட்டி. வைப்பருக்கு அடியில் சருகு விழுந்து வடிகால் துளையை அடைத்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். சக்கர வளைவுக்குள் வழிந்தால் நல்லது, காலடி மிதியில் சொட்டினால் வேலை பெரியது.

3. முன் மட்கார்டின் பின்முனை, கதவுக்குக் கீழ்ப் பட்டை, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு. மூன்றுக்குள்ளும் சேறு போய்ச் சேரும், வெளியே வர வழி இல்லை.

4. தரைத் தகடு. மேலே ஒலி அடக்கும் தார்ப்படலம் ஒட்டியிருக்கும். அதற்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் பல ஆண்டு குடியிருந்திருக்கும்.

5. பின்கதவின் கீழ்விளிம்பும், ஸ்டெப்னி வைக்கும் குழியும்.

இங்கேதான் ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடிக்கு வேலை. தரைத் தகட்டைக் கீழிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று பதில் சொல்லும். ‘டப்’ என்று அமுங்கினால் பிடியை நிறுத்துங்கள். அங்கே பட்டியோ, கண்ணாடி நாரோ, தாரோ தகட்டின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் வழுக்கும். ஒருமுறை எனக்குக் காட்டிய வண்டியில் கதவுக்குக் கீழ்ப் பட்டை முகம் பார்க்கிற அளவு பளபளத்தது. காந்தம் ஒரு முழத்துக்கு எங்கேயும் நிற்கவில்லை. உள்ளே இரும்பே இல்லை. செய்தித்தாளை உருட்டித் திணித்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். அன்று அந்த வண்டியின் எஞ்சின் மிக அழகாக ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாக்கி போடும்போது ஒரு எச்சரிக்கை. தரைக்கு அடியில் நீளமாக ஓடும் சட்டம் மெல்லியது. பல வண்டிகளில் அது நசுங்கியிருப்பது ஜாக்கியால்தான். முன்பக்கம் குறுக்குச் சட்டத்தில், பின்பக்கம் டிஃபரன்ஷியலின் அடியில் தூக்குங்கள். தூக்கியபின் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

தகடு சொல்வதும் தாள் சொல்வதும்

சேசிஸ் எண்ணின் முன்னெழுத்துகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ‘எச்எல்எஸ்30’ என்றால், எச் 2.4 லிட்டர் எஞ்சினையும், எல் இடப்பக்க ஸ்டீயரிங்கையும், எஸ்30 உடலையும் குறிக்கும். நடுவில் எல் இல்லாமல் ‘எச்எஸ்30’ என்றிருந்தால் வலப்பக்க ஸ்டீயரிங். ‘பிஎஸ்30’ என்று இருந்தால் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். அது ஃபேர்லேடி இசட்432: சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்பரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட். ஸ்கைலைன் ஜிடி-ஆரில் இருந்த எஸ்20 எஞ்சின். சுமார் 420 வண்டிகள்தான் செய்தார்கள். விலை வானத்தில் இருப்பதால் போலி செய்யும் ஆசையும் அதே உயரத்தில் இருக்கும். நீண்ட மூக்கு வைத்த 240 இசட்ஜியும் அப்படித்தான். அந்த மூக்கு ஃபைபர் கண்ணாடி. எந்த இசட்டிலும் திருகி மாட்டிவிடலாம். மூக்கைப் பார்த்து விலை பேசாமல் எண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.

சேசிஸ் எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். அதே அறையில் உள்ள அடையாளத் தகட்டில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கும். எஞ்சின் எண் பிளாக்கில், ஸ்பார்க் பிளக் பக்கம், பின்கோடியில் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்து நிழலோடு எழும். இரண்டும் ஒத்துப்போனால் பிறந்தபோது இருந்த எஞ்சின். ஒத்துப்போகாவிட்டால் அது குற்றம் ஆகாது. பலர் பெரிய எஞ்சினைத் தூக்கி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் விலை வேறு, நீங்கள் வாங்க வேண்டிய உதிரிபாகமும் வேறு.

ஜப்பானிலிருந்து வந்த வண்டியின் பழைய தாள்களில் ஆண்டு பேரரசர் ஆட்சிக் கணக்கில் இருக்கும். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டுங்கள். ஷோவா 45 என்றால் 1970. அங்கே தனியார் காருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஷாகென்’ என்னும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தத் தாள்களும் சர்வீஸ் பில்களும் சேர்ந்து கிடைத்தால், ஓடிய தூரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவரிசையில் போகிறதா என்று ஒப்பிட்டுவிடலாம்.

அச்சில் வந்ததெல்லாம் ஆதாரம் ஆகாது என்பதற்கு இந்த வண்டியே சாட்சி. பிஎம்டபிள்யூ 507-ஐ வடிவமைத்த ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ்தான் இதையும் வடிவமைத்தார் என்று பல ஆண்டுகளாகப் பல புத்தகங்கள் எழுதின. 1960களில் அவர் நிசானுக்கு ஆலோசகராக இருந்தது உண்மை. ஆனால் 240 இசட்டின் உருவம் யோஷிஹிகோ மட்சுவோ தலைமையில் நிசானின் சொந்த வடிவமைப்புக் குழு வரைந்தது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதியதால் தவறு தடித்துக்கொண்டே போயிற்று. உங்கள் வண்டியைப் பற்றி முந்தைய உரிமையாளர் சொல்லும் கதைக்கும் இதே அளவுகோல்தான். தகடு, தாள், இரும்பு. இந்த மூன்றில் இரண்டேனும் ஒத்துப்போனால் நம்பலாம்.

வாங்குமுன்பே இரண்டு புத்தகங்களைத் தேடி வையுங்கள்: அந்த ஆண்டுக்கான தொழிற்சாலை சர்வீஸ் மானுவல், உதிரிபாகப் பட்டியல். இரண்டாவதை மெக்கானிக் அல்லாதவரும் படிக்க வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பாகம் மாறியது என்பது அதில்தான் இருக்கும்.

முதல் மாதம்

வண்டி வீட்டுக்கு வந்ததும் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகத் தோன்றும். ஒரு மாதம் பொறுங்கள்.

டயரில் தொடங்குங்கள். பட்டன் ஆழமாக இருக்கலாம், ஆனால் ரப்பருக்கு வயதாகியிருக்கும். டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்து வயது தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர்.

அடுத்து, ரப்பர் ஹோஸ் எல்லாம். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பரை இறுக்கி விரிசல் விடச் செய்கிறது. பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ் இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். பிரேக் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், கூலண்ட் எல்லாம் புதிது. அலுமினிய ஹெட்டும் இரும்பு பிளாக்கும் சேர்ந்த எஞ்சினில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் ஹெட்டின் நீர்வழிகள் அரித்துப் போகும். நல்ல கூலண்ட் ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எஞ்சின் ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் ராக்கர் கேமின் மேல் உருளாமல் உரசுகிறது. புதுக் கார்களுக்கான பல ஆயில்களில் அந்தச் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள்.

பிறகு மின்சாரம். ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் முழுதும் ரிலே இல்லாமல் ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவும் ஃபியூஸ் பெட்டி வழியாகவும் போகிறது. ஐம்பது ஆண்டுக்குப் பின் முனைகள் பழுப்பேறி, சூடாகி, ஃபியூஸ் பெட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கும். இரவில் கால் மணி நேரம் லைட்டைப் போட்டு வைத்துவிட்டு ஃபியூஸ் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் முனைகளைச் சுத்தம் செய்து, ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். பழைய ஒயரை வெட்டாமல் இடையில் மாட்டும் ரிலே செட்டுகள் கிடைக்கின்றன.

கிளட்சை விடும்போது பின்னால் ‘டொக்’ என்று அடி விழுந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். டிஃபரன்ஷியலின் முன்பக்க ரப்பர் மவுண்ட் பிய்ந்திருக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஒரு பாகத்தை மட்டும், தேவை இல்லாவிட்டால், தொடாதீர்கள். பின்சக்கரத் தாங்கியைக் கீழ்க்கையோடு இணைக்கும் நீளமான ஸ்பிண்டில் பின். துருவால் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்தால் முனை பூத்துத் திருகுமரை நாசமாகும். கட்டாயம் கழற்ற வேண்டுமென்றால் நாலைந்து நாள் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, இழுக்கும் கருவி போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

காதால் சரிசெய்யும் கார்பரேட்டர்

‘கார்பரேட்டர் மக்கர் பண்ணுகிறது’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் கார்பரேட்டர் காரணம் இல்லை. வரிசை முக்கியம்: முதலில் டேப்பட், அடுத்து பாயிண்ட், அடுத்து டைமிங், கடைசியில்தான் கார்பரேட்டர். எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30. ஃபீலர் கேஜ் வெண்ணெயில் கத்தி போவது போல் போனால் இடைவெளி அதிகம். லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். டேப்பட் சத்தமே கேட்காத எஞ்சினைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இடைவெளி போதாமல் வால்வு சரியாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கலாம். லேசான ‘டிக் டிக்’ இந்த எஞ்சினுக்கு ஆரோக்கியம்.

இப்போது கார்பரேட்டர். 1973 மாடல் அமெரிக்க வண்டிகளில் தட்டையான தலை கொண்ட வகை வந்தது. புகைக் கட்டுப்பாட்டுக்காகச் செய்தது, சூட்டில் தொல்லை கொடுப்பது. பலர் அதைக் கழற்றிவிட்டு முந்தைய உருண்டைத் தலை வகையைப் போட்டிருப்பார்கள். கீழே சொல்வது உருண்டைத் தலைக்கு.

கலவை நட்டை இரண்டு கார்பரேட்டரிலும் முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று இறக்குங்கள். தொடங்க இது போதும். மேல் மூடியைக் கழற்றி டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். வற்றியிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இரண்டடி ரப்பர் ஹோஸ் ஒன்றை எடுங்கள். ஒரு முனை காதில், மறுமுனை முன் கார்பரேட்டரின் வாயருகே. ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உறிஞ்சும் ஓசை கேட்கும். அதே தூரத்தில் பின் கார்பரேட்டரிலும் கேளுங்கள். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் ஐடில் திருகுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி இரண்டையும் ஒரே ஓசைக்குக் கொண்டுவாருங்கள். தம்புராவின் இரு தந்திகளைச் சேர்ப்பது போலத்தான். அவசரப்பட்டால் கேட்காது.

பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலேற்றுங்கள். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை, இறக்குங்கள். லேசாக ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கையை எடுத்துவிடுங்கள்.

வாசனை பிரித்தறிதல்

240 இசட்டுக்குள் உட்கார்ந்தால் ஏதாவது நாற்றம் வரும் என்பது உரிமையாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எந்த நாற்றம் என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது. ஓடும்போது மட்டும், அதுவும் ஜன்னலைத் திறந்தால் அதிகமாக, புகை நாற்றம் வந்தால் பின்னால் இருந்து எக்ஸாஸ்ட் உள்ளே இழுபடுகிறது. பின்கதவு ரப்பர், பின்விளக்கு கேஸ்கெட், தரையில் உள்ள ரப்பர் மூடிகள் ஆகியவற்றைப் பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பச்சைப் பெட்ரோல் வாசம் அடித்தால் பின்பக்க உள்பலகையைக் கழற்றுங்கள். அதற்குள் ஆவி சேரும் சின்னத் தொட்டியும் மெல்லிய ஹோஸ்களும் இருக்கின்றன. ஹோஸ்கள் விரிசல் விட்டிருக்கும். புகை நாற்றத்தைப் பழைய வண்டியின் குணம் என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது புகையோடு சேர்ந்தே உள்ளே வருகிறது.

செலவும் நோட்டும்

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிசானே பழைய 240 இசட்களை வாங்கி, முழுதும் புதுப்பித்து, சுமார் 25,000 டாலருக்கு விற்றுப் பார்த்தது. 200 வண்டி என்று திட்டமிட்டது, அதில் கால் பங்குகூட எட்டாமல் நின்றுவிட்டது. செய்தவர்களுக்கே அந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. துருப்பிடித்த வண்டியை மலிவாக வாங்கிச் சரிசெய்து லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள பணத்துக்குள் கிடைக்கும் நல்ல உடம்பை வாங்குங்கள். மங்கிய பெயிண்ட், கிழிந்த சீட், தட்டும் எஞ்சின் எதுவும் பரவாயில்லை.

வாங்கிய அன்றே இருநூறு பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, எந்த எண்ணுள்ள பாகம், கழற்றியபோது என்ன தெரிந்தது. ஐந்து பத்தி. வெட்டிய ஒயரின் நிறத்தைக்கூட எழுதுங்கள். உதாரணத்துக்கு, கிளட்ச் தள்ளும் காலர் பல உயரங்களில் உண்டு. கிளட்ச் கவருக்குப் பொருந்தாத காலர் போட்டால், எல்லாம் புதிதாக இருந்தும் கிளட்ச் பிரியாது. எந்தக் கவருக்கு எந்தக் காலர் என்று முந்தையவர் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்க வேண்டி வராது.

எழுதுவதோடு ஓட்டவும் செய்யுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரமாவது, ஆயில் நன்றாகச் சூடேறும்வரை. நிறுத்தி வைத்த வண்டியில் சீல் காயும், பிரேக் இறுகும், பெட்ரோல் பிசினாகும். திரும்பி வந்ததும் நோட்டில் ஒரு வரி. பத்து வருஷம் கழித்து உங்கள் வண்டிக்கு அடியில் இன்னொருவர் சாக்கு விரித்துப் படுப்பார். அவர் தட்டிப் பார்க்கட்டும். தட்டி முடித்து எழுந்ததும் நோட்டை அவர் கையில் கொடுங்கள்.